மாசியிலேயே மண்ணைச் சரிசெய்தால் சித்திரையிலும் காய்

மண்டபம், தங்கச்சிமடம் பகுதிக் கிணறுகளில் மணலுக்கடியில் உப்புநீரின் மேல்தான் நல்ல நீர் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை தந்தது அது. பங்குனியில் மோட்டாரை விடாமல் ஓட்டினால் உப்பு மேலேறும். தோட்டத்தோடு குடிநீரும் கெடும். ஆகவே நாலு பாத்தி போதும், வாளியில் இறைத்து ஊற்றும் அளவுக்கு.

மாசியிலேயே முழ ஆழம் வெட்டி, கண்மாய் வண்டலும் மக்கிய ஆட்டு எருவும் மணலோடு கலக்க வேண்டும். வெறும் மணலில் தண்ணீர் நிற்காது. கொத்தவரை, தட்டைப்பயறு, முருங்கை ஓரளவு உப்பைத் தாங்கும், பீன்ஸ் தாங்காது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய்க்கு இது விதைப்புப் பருவமல்ல. நல்ல பழத்தில் விதை எடுத்து வைக்கலாம்.

செடியடியில் பனையோலை மூடாக்கு போட்டால் ஈரம் காயாது, உப்பும் பூக்காது. மாலையில் வேரில் மட்டும் ஊற்றுங்கள். உப்புநீர் பட்டால் இலை கருகும். கடற்காற்று வரும் பக்கம் ஓலைத்தட்டி கட்டுங்கள், ஆட்டுக்கும் அதுவே வேலி. தண்ணீர் கரிக்கத் தொடங்கினால் இறைப்பதைக் குறைத்து, கிணற்றை ஊற விடுங்கள்.