கல் கட்டிய வலையும் பத்தாம் வகுப்பு ரோபோவும்

கேரளத்தின் கொச்சியில், மட்டாஞ்சேரியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக் கரைக்கு நடந்தே போய்விடலாம். அங்கே நிற்கும் சீன வலைகளைப் படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. ஆனால், வலையின் பின்பக்கம் தொங்கும் கற்களைக் கவனிப்பவர்கள் குறைவு. ஒவ்வொரு கல்லும் ஓரடி அகலம் இருக்கும். வெவ்வேறு நீளக் கயிறுகளில் கட்டியிருப்பார்கள். வலை மேலே ஏற ஏற, கற்கள் ஒவ்வொன்றாக மேடையில் வந்து உட்காரும். அதற்கேற்ப எதிர்ப்பாரமும் குறையும். அதனால்தான் அவ்வளவு பெரிய மரச்சட்டத்தை ஐந்தாறு பேர் கையால் இழுத்தே தூக்கிவிடுகிறார்கள். இறக்குவதற்கு, நடுமரத்தின் மேல் ஒருவர் நடந்து போனாலே போதும். உயரத்துக்கு ஏற்பத் தன் பாரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் இந்த இயந்திரத்தை எந்தப் பள்ளிப் பிள்ளையும் கரையில் நின்றே படித்துவிடலாம்.

இதே கேரளத்தில் 2025 ஜூன் முதல் பத்தாம் வகுப்பு மாணவர்கள் 4.3 லட்சம் பேருக்கும் ரோபாட்டிக்ஸ் கட்டாயப் பாடமாகியிருக்கிறது. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் அதற்கு முன் இதைச் செய்ததில்லை. பாடநூல் தமிழிலும் வந்திருக்கிறது. மாநில அரசின் ‘கைட்’ நிறுவனம் பள்ளிகளுக்கு 29,000 ரோபாட்டிக்ஸ் கிட்களைக் கொடுத்திருக்கிறது. 2018இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்களும், 2022இல் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போன முதல் 9,000 கிட்களும் போட்டுவைத்த பாதை இது.

கையை நீட்டினால் சானிடைசர் ஊற்றும் கருவி, பாடத்தில் வரும் பயிற்சிகளில் ஒன்று. ஆர்டுயினோ என்னும் சின்னக் கட்டுப்பாட்டு போர்டு, வயர்களைச் செருகும் பிரெட்போர்டு, அகச்சிவப்பு சென்சார், சர்வோ மோட்டார், சில ஜம்பர் வயர்கள் போதும். சென்சாரின் முகத்தில் இரண்டு குமிழ்கள் இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும்; கையில் பட்டுத் திரும்புவதை மற்றது பிடிக்கும். உடனே ஆர்டுயினோ, 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சர்வோவுக்கு ஒரு துடிப்பை அனுப்பும். துடிப்பு 1 மில்லிசெகண்டு நீண்டால் மோட்டாரின் கை ஒரு கோடியில் நிற்கும். 2 மில்லிசெகண்டு நீண்டால் மறுகோடிக்குப் போகும்.

எழுத்தில் படித்தால் எல்லாம் சுலபம். ஆனால், ஜன்னலோர மேசைக்குக் கொண்டுபோனால் கை நீட்டாமலேயே கருவி ஊற்றத் தொடங்கலாம், ஏனென்றால் வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி இருக்கிறது. சென்சாரின் முதுகில் உள்ள சின்னத் திருகைத் திருப்பியோ, நிழல் மறைப்பு ஒட்டியோதான் சரிசெய்ய வேண்டும். மோட்டாருக்குத் தனி பேட்டரி வைத்துவிட்டு அதன் கிரவுண்டை போர்டின் கிரவுண்டோடு சேர்க்க மறந்தால், அது அசையாமல் நிற்கும், அல்லது தாறுமாறாக ஆடும். ஏன் என்று பிள்ளைகள் தேடும் அந்த அரை மணி நேரத்தை ஆசிரியர் பறித்துவிடக் கூடாது. பாடமே அதில்தான் இருக்கிறது.

சானிடைசர் கருவியோடு நின்றுவிடாமல், தங்கள் தெருவுக்கு ஒன்றைச் செய்யவும் பிள்ளைகளை விட வேண்டும் என்பது என் விருப்பம். கொச்சியின் தாழ்வான கரைகளில் ஓதம் ஏறும்போது வாய்க்கால் நீர் வீட்டு வாசல் வரை வந்துவிடுகிறது. வாய்க்காலுக்கு மேலே ஒரு மீயொலி சென்சாரைத் தொங்கவிடலாம். ஒரு மீட்டர் கீழே உள்ள நீரில் ஒலி பட்டுத் திரும்ப ஏறத்தாழ 6 மில்லிசெகண்டு ஆகும்; நீர் ஏற ஏற அந்த நேரம் குறையும். அந்த நேரம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பஸ்ஸர் அடிக்கட்டும். அலையடிப்பில் அளவு துள்ளும் என்பதால், பல அளவுகள் எடுத்து நடுவில் உள்ளதை வைத்துக்கொள்ள நிரல் எழுத வேண்டும். உப்புக்காற்றில் சில மாதங்களில் சென்சாரின் பின்கள் பச்சை பூத்துவிடும். எந்தப் பெட்டியில் அடைப்பது, எதைப் பூசுவது என்று கேட்க, வேதியியல் ஆசிரியரையும் வாய்க்கால் கரைக்குக் கூட்டிவர வேண்டியிருக்கும்.