சாலைக்கேற்ற சக்கரம்

மலைப் பாதையில் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு ஓர் உண்மை புதிதல்ல. போளூரிலிருந்து ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூர் வரை தார்ச் சாலையில் சிரமமின்றி ஏறிவந்த வண்டியே, மழைக்குப்பின் மண் இளகிக் கிடக்கும் ஏதேனும் ஒரு குக்கிராமத்துப் பாதையில் திரும்பிய மாத்திரத்தில், சக்கரம் வீணே சுழல, ஓரடியும் நகராமல் நின்றுவிடும். இயந்திரத்தின் பலம் எவ்வளவாயினும், தரையைப் பற்றும் டயர் பொருத்தமாக அமையாவிட்டால் அத்தனையும் விரயம். இந்தப் பௌதிக உண்மையைப் பொம்மைக் கார்களைக் கொண்டு ஆனந்தமாகப் புகட்டும் வீடியோ கேம் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஜப்பானிய நிறுவனமான டகாரா, 1970களின் இறுதியில், உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிக் கார்களைச் செய்து விற்கத் தொடங்கியது. அவற்றைத் தரையில் அழுத்திப் பின்னுக்கு இழுத்தால் உள்ளிருக்கும் சுருள்வில் முறுக்கேறும்; கையை எடுத்ததும் அந்த முறுக்குப் பிரிந்து காரை முன்னே விரட்டும். பின்புறப் பிளவில் ஒரு நாணயத்தைச் செருகிவிட்டால், பாரம் பின்னுக்குச் சாய்வதால், கார் முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு பாயும். சோரோ கியூ என்ற இப்பொம்மைகள் அமெரிக்காவில் பென்னி ரேசர்ஸ் என்று வழங்கின. 1996இல் இவை ப்ளேஸ்டேஷன் விளையாட்டாக உருமாறின. அந்த வரிசையில் 2002இல் ப்ளேஸ்டேஷன் 2க்கு ஜப்பானில் வெளியாகி, பின்னர் ஐரோப்பாவில் ரோட் ட்ரிப் அட்வென்ச்சர் என்ற பெயர் பெற்றதே என் அபிப்பிராயத்தில் மிகச் சிறந்தது.

அந்த விளையாட்டின் உலகத்தில் மனிதர்களே இல்லை. கடைக்காரரும் குடிமக்களும் ஜனாதிபதியும் கார்களே. உலகப் பெரும் பந்தயத்தில் ஜெயிப்பவருக்குத் தம் பதவியையே தந்துவிடுவதாக ஜனாதிபதி அறிவிக்கிறார். அந்த லட்சியத்துடன் நம் சின்னஞ்சிறு கார், பீச் டவுன் என்ற ஊரிலிருந்து புறப்படுகிறது.

பந்தயங்கள் பல உண்டு. பரிசுப் பணமும் உண்டு. ஆனால் அப்பணத்தை என்ன செய்வது என்று பட்டறையில் நின்று யோசிக்கும் கணங்களிலேதான் இவ்விளையாட்டின் ஜீவன் இருக்கிறது என்பேன். வலிய எஞ்சின் வாங்குவதா, டயர் வாங்குவதா? டயர் என்றாலும் தார்ச் சாலைக்கு ஒன்று, புழுதிக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று. மண் பாதைக்கான முரட்டு டயரை மாட்டிக்கொண்டு தார்ச் சாலைப் பந்தயத்தில் இறங்குகிற குழந்தை பின்தங்கிப்போகிறது. வழவழப்பான பந்தய டயரோடு பனிமலையில் ஏறினால் வழுக்கித் தவிக்கிறது. தோல்விக்குக் காரணத்தை அதிர்ஷ்டத்தில் தேடாமல், தரையையும் சக்கரத்தையும் உற்று நோக்கித் தானே கண்டுபிடிக்கிற பழக்கம், எந்த உபதேசமும் இன்றி அதற்கு வந்துவிடுகிறது. இதைவிட மேலான கல்வி பந்தய விளையாட்டில் என்ன இருக்க முடியும்?

ஜவ்வாது மலைக் கிராமங்களில் பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டும் சிறுவர்கள் இந்த ஞானத்தைக் கால் வழியாகவே பெற்றுவிடுகிறார்கள். எந்த மேட்டில் டயர் துள்ளும், எந்தச் சரிவில் அதை அடக்க வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். தொலைக்காட்சித் திரை அந்த அனுபவத்துக்கு ஈடாகாது; பிள்ளைகள் வெளியே ஓடுவதைக் குறைத்துத் திரைமுன் உட்கார வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கையால் செய்து பார்க்கும் வேட்கையை மழுங்கடிக்காத திரை விளையாட்டு அபூர்வமாதலால், இதைப் பாராட்டுவது அவசியமாகிறது.

இன்னொரு சிறப்பும் உண்டு. ஊர் ஊராகச் சுற்றி, சிறு உதவிகள் செய்து முத்திரைகள் சேர்க்கலாம். வழியில் சந்திக்கும் கார்களை அழைத்துவந்து, நமக்கென ஒதுக்கப்பட்ட வெறும் நிலத்தில் குடியமர்த்தினால், அது மெல்ல மெல்ல ஒரு நகரமாக வளர்கிறது. ஆயினும் அந்தக் கார்கள் பேசுவனவெல்லாம் திரையில் ஆங்கில எழுத்தாகவே தோன்றுவதால், அம்மொழி அறியாத நம் குழந்தைக்குப் பந்தயம் மாத்திரமே மிஞ்சி, அத்தனை ஊர்களும் வாய் மூடிவிடுகின்றன. தமிழ்நாட்டில் வீடியோ கேம் படைக்கும் இளைஞர்கள், இத்தகைய விளையாட்டு ஒன்றை நம் பிள்ளைகள் தாமே வாசித்து ஆடும்படி தமிழில் சிருஷ்டிக்க முன்வர வேண்டும்.