தேயிலை நாட்டுத் தொட்டில்கள்

கண்டி மாநகரிலிருந்து தலாத்துஓயா, மாரஸ்ஸன வழியாக மலையேறுவோர், ஹேவாஹெட்டவை அடையுமுன்பே தேயிலையின் பசுமையைக் காண்பர். இலங்கையில் வாணிபப் பயிராகத் தேயிலை வேரூன்றியது இந்தப் பகுதியிலேதான். 1867 ஆம் ஆண்டில், ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையை நட்டார். அன்று தொட்டு இன்று வரை இம்மலைகளின் கொழுந்து உலகமெங்கும் கோப்பைகளை நிரப்பி வருகின்றது.

ஆனால், அக்கொழுந்தைப் பறிக்கும் தாய்மாரின் தொட்டில்களை எட்டிப் பார்ப்போமாயின் பெருமிதம் சற்றுக் குறைந்துவிடும். 2016 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடத்தப்பெற்ற குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைப் பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதிகளிலோ அத்தொகை நூற்றுக்கு முப்பத்திரண்டு. மாவட்டங்களுள் இக்குறை மிகுந்து காணப்பட்டது, ஹேவாஹெட்ட அடங்கிய நுவரெலியா மாவட்டத்திலேயாகும்.

"எங்கள் குடும்பமே குள்ளம், பிள்ளை வேறெப்படி இருக்கும்?" என்று சிலர் சமாதானம் கூறுவர். பரம்பரைக்கும் இதிற் பங்குண்டு என்பது மெய்யே. எனினும், மூன்றில் ஒரு பிள்ளை குறுகி நிற்பதற்குப் பரம்பரை மட்டும் காரணமாகாது. தாயின் வயிற்றில் கழியும் ஒன்பது மாதமும், பிறந்தபின் வரும் இரண்டு ஆண்டுகளும் சேர்ந்து ஏறத்தாழ ஆயிரம் நாள்கள். அந்த ஆயிரம் நாளிலே உணவு குறைந்து நோய் மிகுந்தால், எலும்பு மட்டுமன்றி மூளையின் வளர்ச்சியும் குன்றுகின்றது. கல்லூரி ஆசிரியனுக்குத் தொட்டிற் பிள்ளையின் உணவைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர் வினவலாம். எட்டாம் வகுப்பிலே கணக்கு ஏறாமல் வாடும் பிள்ளைகள் சிலரின் இடர்ப்பாடு, கரும்பலகைக்கு முன் தொடங்கியதன்று. அவர்களுடைய தொட்டிலிலே தொடங்கியது. ஆகையால், பெற்றோர் கைக்கொள்ளக்கூடிய சில யோசனைகளை இங்கே தொகுத்துக் கூறுகின்றேன்.

முதல் ஆறு மாதம்

பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள் சிசுவுக்குத் தாய்ப்பால் ஊட்டத் தொடங்கவேண்டும். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பிழிந்து ஊற்றிவிடும் வழக்கம் அறவே ஒழிய வேண்டியது. நோயை எதிர்க்கும் ஆற்றல் அதிலேதான் மிகுதியாய் உண்டு. ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டியதில்லை. கொதித்தாறிய நீருங்கூட வேண்டியதில்லை. வெயிற் காலத்திலும் குழந்தையின் தாகத்தைத் தாய்ப்பாலே தணிக்கும்.

பிள்ளை பிறந்ததும் நாவிலே தேன் தடவுவதும், சீனி நீர் புகட்டுவதும் நம்மவரிடையே அன்பின் அடையாளமாகக் கருதப்படுகின்றன. அன்பு போற்றத்தக்கது, தேன் ஆகாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலிலே, தேனிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள் வளர்ந்து நஞ்சை உண்டாக்கக்கூடும். ஒரு வருடம் பூர்த்தியாகும்வரை தேனை ஒதுக்கி வைத்தலே அறிவுடைமை.

வேலைக்குத் திரும்பும் தாய்

இங்கேதான் மலைநாட்டுத் தாய்மாரின் உண்மையான சிக்கல் எழுகின்றது. மகப்பேற்று உதவிச் சட்டத்துக்கு 2018 இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின், எத்தனையாவது பிள்ளையாயினும் தாய்க்குப் பன்னிரண்டு வார விடுமுறை உண்டு. பிரசவத்துக்கு முந்திய இரண்டு வாரமும் அதனுள் அடங்கும். எனவே, பிள்ளைக்குப் பத்து வாரம் ஆகும்போது தாய் மீண்டும் கொழுந்துக் கூடையைச் சுமக்கிறாள். பிள்ளைக்கோ இருபத்தாறு வாரம் தாய்ப்பால் மட்டுமே வேண்டும். இடையிலுள்ள பதினாறு வாரத்தை எவ்வாறு கடப்பது?

இதற்கும் சட்டத்திலே ஒரு வழி உண்டு. அதனை அறிந்த தாய்மார் சிலரே. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு, ஒன்பது மணித்தியால வேலை நாளொன்றில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் அளிக்கப்படல் வேண்டும். வேலைத்தலத்திலே பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வோர் இடைவேளையும் அரை மணிக்குக் குறையலாகாது. இல்லையேல் ஒவ்வொன்றும் ஒரு மணி. இது யாரும் இரங்கித் தரும் சலுகையன்று, தாயின் உரிமை. தந்தையர் இதனை அறிந்து, வெட்கமின்றிக் கேட்டுப் பெறுவதற்குத் துணை நிற்கவேண்டும்.

இடைவேளைக்கு வர இயலாத தூரத்து மலையில் வேலையாயின், காலையிலே கைகளை நன்கு கழுவி, பாலைப் பிழிந்து, கொதிநீரிற் சுத்தஞ் செய்த மூடியுள்ள பாத்திரத்தில் வைத்துச் செல்லலாம். வீட்டின் குளிர்ந்த மூலையில் நான்கு மணித்தியாலம் வரை அது கெடாது. அதனைப் போத்தலில் ஊட்டாமல் சிறு கிண்ணத்தாலும் கரண்டியாலும் ஊட்டுவதே நன்று. போத்தலின் இடுக்குகளைக் கழுவுவது கடினம். போத்தலுக்குப் பழகிய பிள்ளை தாயின் மார்பை மறுப்பதும் உண்டு. மாலையில் வீடு திரும்பியதும், இரவிலும் எத்தனை முறை கேட்டாலும் பாலூட்டுதல் வேண்டும். ஊட்ட ஊட்டத்தான் பால் ஊறும்.

ஆறு மாதத்தின் பின்

ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பால் மட்டும் போதாது. இரண்டு வயது வரையும் அதற்கப்பாலும் பாலைத் தொடர்ந்து ஊட்டிக்கொண்டே, மற்றை உணவையும் ஊட்டத் தொடங்கவேண்டும். முதலில் நன்றாகக் குழைத்த சோறு. சில நாளிற் பருப்பு. பின்னர் அவித்து மசித்த காய்கறி. ஹேவாஹெட்ட மண்ணிலே கரட்டும் போஞ்சியும் விளைகின்றன. அவை லொறியேறிச் சந்தைக்குப் போகுமுன் ஒரு பிடி நம் பிள்ளையின் சட்டியிலும் விழட்டும். ஏழாம், எட்டாம் மாதங்களில் முட்டையும் முள் நீக்கிய மீனும் சேர்க்கலாம். விலை உயர்ந்த மீன் தேவையில்லை. நெத்தலியை நன்கு கழுவி உப்பகற்றி, வறுத்துப் பொடியாக்கிச் சோற்றிலே தூவினாலும் போதும்.

உணவு நீர்த்திருத்தலே நாம் பெரும்பாலும் செய்யும் தவறு. கஞ்சித் தெளிவு வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகி விழாத பதமே சரியான பதம். ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயோ வெண்ணெயோ சேர்த்தால் சிறு வயிற்றிற்குள்ளும் போதிய சக்தி செல்லும். தொடக்கத்தில் நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறையும், ஒன்பது மாதத்தின் பின் மூன்று நான்கு முறையும் ஊட்டவேண்டும். ஒரு வயதிலே பிள்ளை குடும்பத்தாரோடு அமர்ந்து, தனக்கென ஒரு தட்டில், வீட்டு உணவையே உண்ணலாம். ஒரு வயது வரை உப்பும் சீனியும் சேர்க்க வேண்டியதில்லை.

தேநீர் குழந்தைக்கு உரியதன்று

லயத்து வாசல்களிலே தேநீரில் ஊறிய ரொட்டித் துண்டைச் சப்பிக்கொண்டிருக்கும் குழந்தைகளைக் காணாதார் இல்லை. காலைப் பிரட்டுக்கு ஓடும் அவசரத்தில், அழும் பிள்ளையை அடக்க எளிதிற் கிடைப்பது அதுவே. தாய்மாரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும், உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும்.

தேயிலையிலுள்ள துவர்ப்புச் சத்து, பருப்பிலும் கீரையிலுமுள்ள இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு, அது இரத்தத்திற் சேராமல் தடுத்துவிடுகின்றது. தாயின் வயிற்றில் இருக்கும்போது பிள்ளை சேமித்த இரும்பு, ஏறத்தாழ ஆறு மாதத்துக்கே போதும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறந்த பிள்ளையாயின் அச்சேமிப்பு அதற்கு முன்பே தீர்ந்துவிடும். அவ்வேளையிற் கொடுக்கும் சிறிதளவு இரும்பையும் தேநீர் வழிமறித்தால் இரத்தசோகை உண்டாகின்றது. பிள்ளை வெளுத்து, சோர்ந்து, விளையாட்டில் நாட்டமின்றிப் போகின்றது. மேலும், இனித்த தேநீர் பசியைக் கெடுக்கின்றது. முளைக்கும் பற்களையும் அரிக்கின்றது.

எனவே, சிறு பிள்ளைக்கு வெறுந்தேநீரும் வேண்டாம். பால் கலந்த தேநீரும் வேண்டாம். அதற்குப் பதிலாகச் சோற்றோடு சிறிது தேசிப்புளி, தக்காளி, கொய்யா போன்றவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். அவற்றிலுள்ள உயிர்ச்சத்து, இரும்பு உடலிற் சேர்வதற்கு உதவும். கர்ப்பிணித் தாயும் இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்காமல் தண்ணீரோடு விழுங்குதல் வேண்டும். கொழுந்து நமக்குச் சோறு போடுகிறது. அது பிள்ளையின் சோற்றுக்குப் பகையாகாமல் பார்த்துக்கொள்வோம்.

நிறுவையும் பதிவேடும்

பிள்ளை பிறந்ததும் கையில் தரப்படும் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைப் பெட்டியிற் பூட்டி வைப்போர் பலர். அது ஆவணமன்று, வழிகாட்டி. இரண்டு வயது வரை மாதந்தோறும் பிள்ளையை நிறுக்கக் கொண்டு செல்லுங்கள். பிறந்தபோதிருந்த நிறை ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் இரு மடங்காகவும், ஒரு வயதில் மூன்று மடங்காகவும் ஆவது பொது வழக்கு. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டியதில்லை. உங்கள் பிள்ளையின் கோடு மாதத்துக்கு மாதம் மேலேறுகின்றதா என்று பாருங்கள். கோடு படுத்துவிட்டால், குடும்பநல மருத்துவமாதிடம் அன்றே காரணங் கேளுங்கள். 1926 இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு, வீடு தேடி வரும் இம்மாதரின் உழைப்பு நம் நாட்டுக்குக் கிடைத்த பெரும்பேறு. 1946 இல் உயிரோடு பிறந்த ஆயிரம் சிசுக்களில் 141 பேர் ஒரு வயதுக்குள் மாண்டனர். இன்று அத்தொகை பத்துக்கும் குறைவு.

நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷா வழங்கப்பட்டால், அதனை அப்பிள்ளைக்கே கொடுங்கள். வீட்டார் அனைவரும் பங்கிட்டால் எவருக்கும் பயனில்லை.

தடுப்பூசியை நாள் தவறாமற் போடுங்கள். பிறந்தவுடன் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி.; இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசியும் இளம்பிள்ளைவாத மருந்தும்; ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் ஓர் ஊசி; ஒரு வயதில் ஜப்பானிய மூளையழற்சிக்கான ஊசி; ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் மீளூட்டு மருந்துகள். இளம்பிள்ளைவாதத்தால் நம் நாட்டிற் கடைசியாக ஒருவர் பாதிக்கப்பட்டது 1993 இல். சின்னமுத்து ஒழிந்தது என்று 2019 இல் சான்று பெற்றோம். 2023 இல் அது மீண்டும் தலைகாட்டியது. காவல் தளர்ந்தால் நோய் திரும்பும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டா.

நோய் வந்தால்

வயிற்றுப்போக்கு வந்தால் உணவையும் பாலையும் நிறுத்துவது பெருந்தவறு. ஜீவனிப் பொட்டலத்தைக் கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரிற் கரைத்து, சிறிது சிறிதாகக் கரண்டியால் ஊட்டுங்கள். கரைத்த நீரை ஒரு நாளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. கண் குழிந்து, அழுதாலும் கண்ணீர் வராமல், சிறுநீரும் குறைந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்க.

குளிர் மிகுந்த மலைநாட்டிலே இருமல் சாதாரணம், நியூமோனியாவோ சாதாரணமன்று. பிள்ளை அமைதியாயிருக்கும்போது மேற்சட்டையை நீக்கி, ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு அறுபதும், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஐம்பதும், ஐந்து வயதுக்குட்பட்டதற்கு நாற்பதும் எட்டினால் தாமதிக்கலாகாது. காய்ச்சலுக்கு நிறைக்கேற்ற அளவு பரசிட்டமோல் கொடுக்கலாம். அஸ்பிரின் ஒருபோதும் கொடுக்கலாகாது. பிள்ளைக்கு வலிப்பு வந்தாலும், பாலருந்த மாட்டாமல் துவண்டாலும் 1990 என்னும் இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும்.

விறகடுப்பின் புகை சிறு நெஞ்சுகளுக்குப் பகை. சமைக்கும்போது குழந்தையைச் சமையலறையிலே கிடத்தவேண்டாம். கொதிக்கும் தேநீர்க் கேத்தல், அடுப்பு, மண்ணெண்ணெய், பூச்சிமருந்து ஆகியவை தவழும் பிள்ளைக்கு எட்டாதிருக்கட்டும். குடிக்கும் போத்தலில் பூச்சிமருந்தை ஊற்றி வைக்கும் பழக்கம் எத்தனையோ வீடுகளில் இன்னும் உண்டு. அதனை இன்றே மாற்றுக. உறங்கும் சிசுவை மல்லாக்கக் கிடத்துக.

பேச்சும் விளையாட்டும்

உடலுக்கு உணவு போல அறிவுக்குப் பேச்சு. பால் ஊட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் குழந்தையோடு பேசுங்கள். பதில் வராவிடினும் அது கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றது. பாட்டிமாரின் தாலாட்டுக்கு ஈடான பொம்மை எந்தக் கடையிலும் இல்லை. அழும் பிள்ளையின் கையிற் கைத்தொலைபேசியைத் திணிப்பது இக்காலத்து எளிய வழியாகிவிட்டது. இரண்டு வயது வரை அதனைக் காட்டாதிருத்தலே நலம். திரையிலிருந்து கேட்கும் சொல்லுக்குப் பிள்ளை விடை கூற முடியாது. தாயின் முகத்துக்கு விடை கூறும். ஒரு மரக்கரண்டியும் ஒரு தகரக் கிண்ணமும் கொடுத்துப் பாருங்கள். வீட்டார் காதைப் பொத்திக்கொள்ளும்வரை அது மகிழ்ந்து விளையாடும்.

தந்தையர்க்கும் மூத்த மாணவர்க்கும் ஒரு சொல். பிள்ளை வளர்ப்புத் தாய் ஒருத்தியின் பாரமன்று. அதிகாலையில் எழுந்து சமைத்து, மலையேறிக் கொழுந்து பறித்து, மாலையில் விறகு சுமந்து வரும் தாய்க்குப் பிள்ளையை இருத்தி ஊட்ட நேரம் எங்கே? தந்தை ஒருவேளை உணவை ஊட்டட்டும். மூத்த பிள்ளை மாதந்தோறும் பதிவேட்டை வாசித்துக் காட்டட்டும். எழுத்தறிந்த ஒருவர் வீட்டில் இருந்தும் அந்தப் பதிவேடு பெட்டிக்குள்ளே கிடப்பது பொருந்தாது.

சம்பளம் உயரவேண்டும், லயங்கள் வீடுகளாகவேண்டும், பிள்ளை மடுவங்களில் நல்லுணவு கிடைக்கவேண்டும் என்பனவெல்லாம் நியாயமான கோரிக்கைகள். அவற்றை நாம் கைவிடலாகாது. ஆனால், தொட்டிலிலுள்ள பிள்ளை அவை நிறைவேறும்வரை வளராமற் காத்திராது. இன்று மாலை அதன் கையிலுள்ள தேநீர்க் கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, ஒரு கரண்டி பருப்புச் சோற்றை ஊட்டுவது நம்மால் இயலும். அங்கிருந்தே தொடங்குவோமாக.