கீரிமலை ஊற்றும் பனங்காடும்

மலை என்று பெயர் பெற்றும் மலையில்லாத ஊர் கீரிமலை. கடற்கரையிலே சிறிது உயர்ந்து நிற்கும் சுண்ணக்கற்பாறையே அவ்வூரின் மலை. ஆயினும் அதனால் அவ்வூர்க்கு யாதொரு குறைவுமில்லை. நகுல முனிவர் தம் கீரிமுகம் நீங்கப்பெற்ற தலம் என்னும் புராண மரபும், ஈழத்துப் பஞ்ச ஈச்சரங்களுள் ஒன்றாய நகுலேச்சரமும், ஆடி அமாவாசையிற் பிதிர்க்கடன் செய்வோர் திரளும் தீர்த்தமும் அதனை ஈழத்தமிழர் யாவர்க்கும் உரிய ஊராக்கியுள்ளன. அத்தீர்த்தத்தில் ஒரு வியப்பும் உண்டு. கேணிச் சுவருக்கு அப்பால் உவர்க்கடல் அலைமோத, இப்பால் நன்னீர் ஊறி நிரம்புகின்றது. அந்நீர் எங்கிருந்து வருகின்றது? அதற்கும் நம் நிலத்து மரங்களுக்கும் உள்ள தொடர்பு யாது? காலநிலை மாறிவரும் இந்நாளில் அம்மரங்களை எவ்வாறு பேணுதல் வேண்டும்? இவற்றை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லினுள் உறையும் நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல் ஆகும். அக்கல் வெடிப்பும் துளையும் குகையும் உடையது. வழுக்கையாறு ஒன்றை விடுத்தால் ஆறென்று சொல்லத்தக்கது இந்நிலத்தில் வேறில்லை. அவ்வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதத்துள் வந்து போய்விடும். ஏனைய மாதங்களில் நாம் உண்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் கல்லினுள் இறங்கித் தங்கிய அம்மாரிநீரே.

அந்நீர் தங்கும் முறை அறிதற்குரியது. கடல்நீர் நன்னீரினும் கனத்தது. ஆதலின், நிலத்தின் கீழே நாற்புறமிருந்தும் ஊடுருவி நிற்கும் உவர்நீரின் மேல், நன்னீர் ஒரு வில்லை வடிவாய் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கண்ட கணக்கு. இக்கணக்கின் மறுபுறமே அஞ்சத்தக்கது. மிகுதியாய் இறைப்பதால் மேல்மட்டம் ஒரு சாண் தாழுமாயின், காலப்போக்கிற் கீழிருந்து உவர்நீர் நாற்பது சாண் மேலெழும். புத்தூர் நிலாவரைக் கிணறு மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உடையதாய் இவ்வுண்மையைக் கண்கூடாகக் காட்டும். கீரிமலை ஊற்றோ, இவ்வில்லையினின்று கல்வெடிப்பு வழியே கடலை நோக்கி வழியும் நீர், கரையிலே வெளிப்படும் வாயிலாகும்.

உலகின் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 20 சதமமீற்றர் உயர்ந்துள்ளது. காற்றுமண்டலத்தின் வெம்மையும் முன்னையிலும் ஒரு பாகைக்கு மேல் மிகுந்துள்ளது. வெம்மை மிகவே ஆவியாதல் மிகும். மழை பெய்யுங்காற் கொட்டித் தீர்க்கும். பெய்யாக்கால் நெடிது வறளும். 2008 நவம்பரில் வந்த ‘நிஷா’ புயலின் வெள்ளத்தைக் கண்டவர்க்கு இது புதிதன்று. ஒரே நாளிற் கொட்டிய மழை வெறுந்தரையில் ஓடிக் கடலைச் சேருமேயன்றிக் கல்லினுள் இறங்காது. அதனைத் தடுத்து நிறுத்தி மண்ணுள் இறக்குவன குளமும் கேணியும் மரமுமேயாம். மரம் உதிர்த்த சருகு நீரின் ஓட்டத்தைத் தணிக்கும். வேர் மண்ணில் வழி திறக்கும். நிழல் ஆவியாதலைக் குறைக்கும். கரையோரத்து மரம் உப்புக்காற்றைத் தாங்கும்.

எனினும், மரமெல்லாம் நீரைச் சேமிக்கும் என்று கூறுதல் பொருந்தாது. மரமும் நீர் அருந்துவதே. நெருங்கி மண்டிய புதர்க்காடு மழைநீரில் ஒரு பங்கை இலையிலேயே தடுத்து ஆவியாக்கிவிடும். மற்றொரு பங்கை வேரால் உறிஞ்சிவிடும். ஆதலின் எம்மரம், எவ்விடத்தில், எவ்வளவு நெருக்கத்தில் என்பதே வினா. காடு பேணுதல் என்பது அவ்வினாவுக்கு ஆண்டுதோறும் விடை கூறும் தொழிலாகும்.

மத்தியதரைத் தீவுகள் கற்பிப்பன

இவ்வினாவை நம்மினும் முன்னரே எதிர்கொண்டவர் மத்தியதரைக்கடல் தீவினர். அவர்க்கும் மழை சில மாதமே; கோடை நெடியது. மால்ற்றாத் தீவு நம் குடாநாட்டுக்கு உடன்பிறப்புப் போல்வது. அதுவும் சுண்ணக்கல் நிலம், நிலையான ஆறில்லாதது, கடல்நீரின்மேல் மிதக்கும் நன்னீர் வில்லையை நம்பி வாழ்ந்தது. பழங்காலத்திலேயே அதன் காடு அழிந்தது. இன்று காடென்று காட்டத்தக்கது புஸ்கெற் என்னும் சிறு சோலையே. நிலத்தடிநீர் போதாமையால் 1982 முதல் அத்தீவினர் கடல்நீரைப் பெரிய அளவில் நன்னீராக்கிப் பருகுகின்றனர். நம் நாட்டிலும் தாளையடியில் அத்தகைய நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. பொறியால் வரும் நீர் வேண்டுவதே, ஆனால், அது தோட்டத்துக்கு இறைக்கும் நீரன்று, ஊற்றுக்கு ஈடுமன்று.

சைப்பிரசும் கிரேக்கத் தீவுகளும் வேறொரு பாடம் கற்பிக்கின்றன. அங்கே முற்காலத்தில் உழவர் மரத்தைக் கிளை தறித்து விறகும் கரியும் கொண்டனர்; ஆடுகள் புதரை மேய்ந்தன. அவ்வேளை மிகை மேய்ச்சலே காட்டுக்குப் பகையாய் இருந்தது. பின்னர் மக்கள் நகரங்களை நாடினர். கைவிடப்பட்ட வயல்களில் மரமும் புதரும் நெருங்கி மண்டின. பச்சை மிகுந்ததென்று மகிழ்ந்திருந்தவேளை வெப்ப அலை வந்தது. 2021 யூலையிற் சைப்பிரசின் மலையடிவாரத்தில் 50 சதுர கிலோமீற்றருக்கு மேல் எரிந்து, நால்வர் உயிரிழந்தனர். மறுமாதம் கிரேக்கத்தின் எவியாத் தீவில் ஏறத்தாழ 500 சதுர கிலோமீற்றர் எரிந்தது. அதன்பின், மிகையை அகற்றுதல், பெருமரத்தை நிறுத்தி இடைவெளி விடுதல், மேய்ச்சலை அளவோடு மீட்டல் என்பன அந்நாடுகளில் வற்புறுத்தப்படுகின்றன. மிகைப்பயனாலும் காடு கெடும். பயனின்மையாலும் கெடும் என்பதே அப்பாடம்.

பனை என்னும் புல்

நம் காடு பைன் மரக்காடு அன்று, பனங்காடு. தொல்காப்பியர் மரபியலில், புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் வகுத்தார். அவ்வகுப்பின்படி பனை புல்லினத்தது. பனையை ஒருவித்திலைத் தாவரமாக்கி, மரத்தோடு சேர்க்காது, புல்லுக்கு அணுக்கமாய் வைத்த இன்றைய தாவரநூலும் அதனோடு ஒத்துச்செல்கின்றது. இது வெறும் இலக்கணச் செய்தியன்று. வேம்பையும் பூவரசையும் தறித்தால் அடியினின்று தளிர்க்கும். பனைக்கு உயிர் அதன் ஒரே குருத்தில் உள்ளது. தலை போயின் மீள முளைக்காது. ஆதலின் தறிக்கத்தக்க மரத்துக்கும் தறிக்கத்தகாத மரத்துக்கும் வேறுபாடு காணல் இன்றியமையாதது.

பனையை நாற்றாக்கிப் பெயர்த்து நடுதலும் அரிது. விதையினின்று எழும் முளை முதலில் நிலத்துள் ஆழ இறங்கிக் கிழங்காகும். பின்னரே இலை மேல்வரும். எனவே நிற்க வேண்டிய இடத்திலேயே விதையைப் புதைத்தல் வேண்டும். ஆடி, ஆவணியில் விழும் பழத்தின் விதையை ஐப்பசி மழைக்கு முன் இடுதலே முறை. வடலியாகிப் பூக்கப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டு செல்லும். ஆண் பெண் என்பது பூத்தபின்னரே தெரியும். பூத்தபின்போ நூறாண்டும் நிற்கும். நட்டவனிலும் நட்டவன் பேரனுக்கே மிகுபயன் தரும் செல்வம் இது.

முன்னோர் இதனைப் பூட்டி வைத்துக் காக்கவில்லை, பயன்கொண்டே காத்தனர். குருத்தையும் அதனைச் சூழ்ந்த சில ஓலைகளையும் விட்டு ஏனையவற்றை வெட்டி வீடு வேய்ந்தனர், வேலி அடைத்தனர், தோட்டத்து மண்ணிற் புதைத்து எருவாக்கினர். வயிரம் பாய்ந்த முதுபனையையே வளைக்கும் சிலாகைக்கும் தறித்தனர். ஒருவர் காணியில் மற்றொருவர் மரம் நட்டால் விளைவிற் பங்கு யாதென்பதற்கும், 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமையில் விதி உண்டு. இன்று ஓட்டுக் கூரையும் மதிலும் வந்தன. ஓலை வெட்டுவாரில்லை. காவோலை மரந்தோறும் தொங்குகின்றது. கோடையில் ஒரு தீப்பொறி பட்டால் தோப்பே பற்றுகின்றது. எவியாவில் நிகழ்ந்ததன் சிற்றுருவம் நம் தோப்புகளிலும் உண்டு என்பதை மறத்தலாகாது.

மீண்ட காணிகள்

1990இல் கீரிமலை உள்ளிட்ட வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்விட்டு நீங்கினர். போர்க்காலத்திற் குடாநாடெங்கும் இலட்சக்கணக்கான பனைகள் பதுங்குகுழிக்கும் அரணுக்கும் தறிக்கப்பட்டும் எறிகணையால் தலையிழந்தும் அழிந்தன. ஒருபுறம் மரம் அழிய, மறுபுறம் ஆளில்லாக் காணிகளிற் புதர் மண்டியது. வீட்டுச் சுவரைப் பிளந்து ஆலும் அரசும் எழுந்தன. போர் முடிந்த 2009இன் பின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. இருபது முப்பது ஆண்டு கழித்துத் தம் வளவின் எல்லையையே தேடி நின்ற குடும்பத்துக்கு, முதற்பணி காடு வெட்டுதலாகவே இருந்தது. அதனை யாரே குறைகூற வல்லார்? வீடும் கிணறும் பாம்பச்சமின்மையும் மனிதற்கு முதற்றேவை.

ஆயினும் கூலிக்கு வந்த பொறி ஒரே பகலில் வளவை வெளியாக்கும்பொழுது, நாயுண்ணிப் புதரோடு வடலியும், பறவை இட்ட வித்தில் முளைத்த வேம்பும் சேர்ந்தே போகின்றன. முப்பதாண்டில் இயற்கை கூலியின்றி வளர்த்த மரம் அது. நாம் இன்று விதையிட்டால் அவ்வளர்ச்சியைக் காண முப்பதாண்டு வேண்டும். மேல்மண் மெல்லிய இச்சுண்ணக்கல் நிலத்தில், வேர் போனபின் வரும் முதற்பெருமழையோடு மண்ணும் போம். அதன்பின் நீரைத் தாங்க அங்கே யாதுமில்லை.

செய்யத்தக்கன

மேற்கூறியவற்றினின்று சில முறைகள் தாமே பெறப்படுகின்றன.

முதலாவது, வெட்டுமுன் குறித்தல். நிறுத்தவேண்டிய பனை, வடலி, வேம்பு, புளி, இலுப்பை, நாவல் என்பவற்றுக்குச் சுண்ணாம்பு பூசி அடையாளம் இட்டபின்னரே பொறியை வளவினுள் விடுதல் வேண்டும்.

இரண்டாவது, ஒருங்கே வெளியாக்காது ஆண்டுக்கு ஒரு பகுதியாகப் புதர் நீக்கி, நீக்கிய இடத்தில் அம்மாரியிலேயே விதையிடுதல். வடக்கு மாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தது இந்நிலத்தின் மழைக்கு ஒத்த செயலே. பனைக்கு மாத்திரம் அதற்கு முன்னரே விதையிடுதல் நன்று.

மூன்றாவது, கரையோரத்துக்குத் தாழை, புன்னை, பூவரசு, பனை என்பவற்றால் அரண் அமைத்தல். ஒரே இனத்தை வரிசையாக நடுதல் காட்சிக்கு நன்று. ஆனால் நோயும் புயலும் வருங்கால் பலவினக் கலப்பே தாங்கும்.

நான்காவது, ஓலை வெட்டும் வழக்கத்தை மீட்டல். கைப்பணிக்கும் எருவுக்கும் ஓலை விலைபோகுமாயின் காவோலை தங்காது, தீயும் அணுகாது. 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களும் இதிற் செய்யக்கூடியது மிகுதி.

ஐந்தாவது, முதுபனை ஒன்று தறிப்பவர் ஐந்து விதையேனும் இடுதல். இளம்பனையைத் தறித்தலால் வயிரமும் கிடையாது, வருங்காலமும் கிடையாது.

ஆறாவது, குளத்தையும் கேணியையும் தூர்வாரி, அவற்றின் கரைமரத்தைக் காத்தல். மழைநீர் இறங்கும் வாயில் அடைபடின் மரம் மட்டும் நின்று செய்வதொன்றில்லை.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை, தொடர்ச்சியே வேண்டுவது. தொடர்ச்சி தனிமனிதரிடம் அரிது. நிலைத்த நிறுவனங்களிடமே அது கைகூடும். தலைமுறைதோறும் மாணவரைப் பெற்று அனுப்பும் கல்லூரி அத்தகைய நிறுவனம். விழாக்காலத்தில் நடப்பட்டு மறுமாரியிற் காணாமற்போன மரக்கன்றுகள் எத்தனை என்பதை யாவரும் அறிவோம். அவ்வழி செல்லாது, ஆவணியிற் பனம்விதை சேர்த்தலும், புரட்டாதியில் இடம் குறித்து இடுதலும், தையில் முளை எண்ணிக் கணக்கெழுதுதலும் ஒவ்வோராண்டும் ஒரு வகுப்பின் கடமையாகுமாயின், அக்கணக்கேடே நல்ல விஞ்ஞானப் பாடமாகும். ஊர்மீண்ட பழைய மாணவர் தம் வளவில் இடமளிப்பாராயின், இடத்துக்கும் குறைவிராது. இம்மலரைக் கையிலேந்தும் இன்றைய மாணவர் தம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் நாளில் அவ்வடலிகள் பாளை விடும். கீரிமலைக் கேணியில் அன்றும் நன்னீர் ஊற வேண்டுமாயின், வருகின்ற ஆவணியே தொடங்கற்குரிய மாதமாகும்.