ஆப்பிரிக்க வண்ண மீன்களுக்கு ஏற்ற நீர்

நீலமும் மஞ்சளும் செம்மஞ்சளுமாய் ஒளிரும் ஆப்பிரிக்கச் சிக்லிட் மீன்களை இன்று பலர் விரும்பி வாங்குகின்றனர். ஆனால், அவற்றுள் பல சில வாரங்களிலேயே மடிந்துவிடுகின்றன. அவற்றின் பிறப்பிடத்து நீரை அறியாமல் வளர்ப்பதே இதற்கு முக்கியக் காரணமாகும்.

இம்மீன்களில் பெரும்பாலானவை கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்தவை. பாறைகள் நிறைந்த அந்த ஏரியின் நீர் காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 7.8 முதல் 8.6 வரை. நம் நாட்டு மழைநீரும் ஓடைநீரும் மென்மையானவை. ஆகவே, நன்கு கழுவிய பவளத்தூளையோ கிளிஞ்சல் ஓடுகளையோ தொட்டியின் வடிகட்டியில் இடவேண்டும். அவற்றிலுள்ள சுண்ணாம்புச் சத்து மெல்லக் கரைந்து நீரைப் பதப்படுத்தும். குழாய்நீரானால் முதலில் குளோரினை நீக்குதல் அவசியம். வெப்பத்தைப் பற்றிக் கவலை வேண்டா. 24 முதல் 28 பாகை செல்சியஸ் போதுமானது.

பாறையிடுக்குகளில் வாழும் இவ்வகை மீன்கள் சண்டைக் குணம் மிக்கவை. இரண்டு மூன்றை மட்டும் வளர்த்தால் வலியது மெலியதைக் கொன்றுவிடும். 4 அடி நீளத் தொட்டியில் பன்னிரண்டுக்குக் குறையாமல், ஆண் ஒன்றுக்குப் பெண் பல என வளர்ப்பது நன்று. ஒளிந்துகொள்ளப் பாறைகளும் வேண்டும். மீன்கள் மணலைத் தோண்டுமாதலால், பாறைகளைத் தொட்டியின் அடித்தளத்தின்மீதே நிறுத்திய பின்னர் மணலைப் பரப்பவேண்டும்.

பாறையில் படர்ந்த பாசியே இவற்றின் இயற்கை உணவு. புழுவும் இறைச்சியும் மிகுந்தால் வயிறு வீங்கி இறக்கக்கூடும். பாசி கலந்த தீனியையும், வேகவைத்த கீரையையும் அளவோடு இடுவோம். வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுவோம்.

பெண்மீன் முட்டைகளை வாயிலேயே ஏறக்குறைய மூன்று வாரம் அடைகாக்கும். அந்நாட்களில் அது பெரும்பாலும் உண்பதில்லை; அதனைத் தொந்தரவு செய்யலாகாது.

குஞ்சுகள் பெருகித் தொட்டி நிறைந்தால் பிற வளர்ப்போருக்குக் கொடுக்கலாம்; ஆற்றிலோ ஈயக்குட்டையிலோ விடுதல் கூடவே கூடாது. நாம் நன்கறிந்த திலாப்பியாவும் ஆப்பிரிக்கச் சிக்லிட் இனமே. வெளியிலிருந்து வந்த அது நம் நீர்நிலைகளில் எங்கும் பரவிவிட்டது. தொட்டியின் அழகு தொட்டியோடு நிற்கட்டும். நம் ஆறுகள் நம் மீன்களுக்கே உரியவையாய் இருக்கட்டும்.