குஞ்சுக்கு முட்டைக்கோழித் தீவனம் ஆகாது!

நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பக்கத்துப் பண்ணையில் முட்டைக்கோழித் தீவனம் மலிவாகக் கிடைக்கிறது. அதையே குஞ்சுக்கும் போடலாமா?" முட்டைக்குப் பெயர்போன நாமக்கல் பக்கம் இந்தத் தீவனம் கிடைப்பது சுலபம்தான். ஆனாலும் குஞ்சுக்குப் போடவே கூடாது.

காரணம் சுண்ணாம்புச் சத்து. ஒரு முட்டை ஓட்டில் மட்டும் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதை ஈடுகட்டத்தான் முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவிகிதம் வரை சேர்க்கிறார்கள். குஞ்சுக்குத் தேவை 1 சதவிகிதம்தான். மிஞ்சுவதை வெளியேற்ற முடியாமல் சிறுநீரகம் பழுதாகிவிடும். குஞ்சு சோர்ந்து, வெள்ளையாகக் கழிந்து இறக்கும். வெள்ளைக் கழிச்சல் நோய் என்று நினைத்து மருந்து தேடுவோம். இறந்த குஞ்சை அறுத்துப் பார்த்தால், இதயத்திலும் ஈரலிலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்மை படிந்திருக்கும். எந்த நோய் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வெறும் அரிசிக் குருணையும் போதாது. முதல் 8 வாரங்களுக்குத் தீவனத்தில் சுமார் 20 சதவிகிதம் புரதம் வேண்டும். குருணையில் அதில் பாதிகூட இல்லை.

வீட்டிலேயே 10 கிலோ குஞ்சுத் தீவனம்:

உடைத்த மக்காச்சோளம் – 5 கிலோ
கம்பு – 1 கிலோ
கடலைப் பிண்ணாக்கு – 2.2 கிலோ
அரிசித் தவிடு – 700 கிராம்
உப்பில்லாக் கருவாட்டுத் தூள் – 900 கிராம்
தாது உப்புக் கலவை – 200 கிராம்

எல்லாவற்றையும் குருணையாக உடைத்துக் கலக்க வேண்டும். பூசணம் பிடித்த பிண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் தொடவே கூடாது. 1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் மடிந்ததற்குக் காரணம், பூஞ்சை நஞ்சு கலந்த கடலைப் பிண்ணாக்குதான். 15 நாள்களுக்குத் தேவையானதை மட்டும் அரைத்து, ஈரம் படாமல் வையுங்கள்.

முதல் வாரம் குஞ்சுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் தீவனம் போதும். எட்டாவது வாரத்தில் 40 முதல் 50 கிராம் வரை தின்னும். குஞ்சுத் தீவனத்தை அடைகாத்த தாய்க்கோழி தின்றாலும் கெடுதல் இல்லை. மற்ற கோழிகள் வந்து தின்றுவிடாமல் இருக்க, குஞ்சு மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி உள்ள பஞ்சாரத்துக்குள் தீவனத்தை வையுங்கள். பழைய சாணம், ஓலை, கோணிச் சாக்குத் துண்டுகளைப் பானையில் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் கிடைக்கும். செலவில்லாத புரதம் இது.

தாயில்லாக் குஞ்சுகளுக்கு மின்விளக்கு வெப்பம் அவசியம். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்று குண்டு பல்பு போடலாம். விளக்கின் அடியில் குவிந்தால் குளிர்கிறது. விலகி ஓரத்தில் ஒதுங்கி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். அதற்கேற்ப விளக்கை இறக்குங்கள், ஏற்றுங்கள்.

நல்ல தீவனம் கொடுத்தாலும் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். ராணிக்கெட் எனும் வெள்ளைக் கழிச்சலுக்கு 7-ம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு, நான்காவது வாரம் லசோட்டா, எட்டாவது வாரம் ஊசி. மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே எடுத்து வாருங்கள்.

மேலும் சந்தேகம் இருந்தால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, சேலம் பகுதியினர் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.