வண்டியைச் சோதிக்கும்போது

கிள்ளான் சாலையில் போலீசார் போதைப்பொருள் தேடி உங்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார்கள். வாரண்டு வேண்டாமா? குற்றத்துக்குப் பயன்படுவதாக நியாயமான சந்தேகம் இருந்தால் வேண்டாம் என்கிறது 1967ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம்.

சந்தேகமே இல்லாமல் சோதித்தால்? எடுத்த பொருள் வழக்கில் செல்லாது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல. கென்யாவில் குருமா என்பவர் சைக்கிளில் போனபோது, சோதிக்கும் அதிகாரமில்லாத போலீசார் சோதித்துத் தோட்டாக்களை எடுத்ததாக வழக்கு. எப்படிக் கிடைத்தாலும் தொடர்புள்ள சாட்சியம் செல்லும் என்றது லண்டன் பிரிவி கவுன்சில், 1954இல். நம் நீதிமன்றங்களும் அவ்வழியே.

அத்துமீறலுக்குப் புகார் செய்யலாம், வழக்கு நிற்காது. ஆகவே தகராறு வேண்டாம், கண் வேண்டும். எந்த இடத்திலிருந்து யார் எதை எடுத்தார் என்று பாருங்கள். பெண்களைப் பெண்தான் சோதிக்க வேண்டும்.

இரவல் வண்டியானாலும், உள்ளே இருப்பது ஓட்டியவருக்குத் தெரியுமென்றே, மறுத்து நிரூபிக்கும்வரை, சட்டம் கொள்ளும். கைதானால் வழக்கறிஞரைப் பார்க்க உரிமையுண்டு. சாவி யார் யாரிடம் இருந்ததென்று அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.